போன் மேல் போட்ட பழி

“பேப்பரா? அதெல்லாம் இப்ப யாரு படிக்கிறா? எல்லாந்தான் போன்லயே வந்துருதே!” பெரம்பலூர் துறைமங்கலத்தில் கேட்டாலும் அரியலூர் தேரடியில் கேட்டாலும் பதில் இதுதான். டீக்கடைக்காரர் சொல்கிறார், பள்ளி ஆசிரியர் சொல்கிறார், கருத்தரங்கில் மைக் பிடித்தவர் ‘டிஜிட்டல் யுகம்’ என்று ஒரு அடைமொழி சேர்த்துச் சொல்கிறார். பத்திரிகை முதலாளிகளும் துக்க வீட்டுக் குரலில் வழிமொழிகிறார்கள்: வாசகர் மாறிவிட்டார், நாங்கள் என்ன செய்ய? இத்தனை பேர் ஒன்றையே சொன்னால் கேட்பவருக்கும் தலையாட்டத்தான் தோன்றும்.

நாளிதழ் விற்பனை சரிந்திருப்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பது இரண்டு விஷயங்களை. சரிவுக்குப் போன்தான் காரணம் என்பது ஒன்று. போன் வந்ததால் நமக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை என்பது இன்னொன்று. முதலாவது அரைகுறை உண்மை. இரண்டாவது, இந்த இரண்டு மாவட்டங்களைப் பொறுத்தவரை, பச்சைப் பொய். பொய்யிலிருந்தே தொடங்குகிறேன்.

போனில் எல்லாம் வருகிறது என்கிறார்களே, எவையெல்லாம் வருகின்றன? சென்னைச் சண்டை வருகிறது, டெல்லிச் சண்டை வருகிறது, நடிகரின் விவாகரத்து வருகிறது, தங்கம் விலை மணிக்கு ஒருமுறை வருகிறது, வாஷிங்டனில் டிரம்ப் தும்மினால் இங்கே வேப்பந்தட்டையில் மணி அடிக்கிறது. ஆனால் போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் எந்த ஊர்க்காரர் என்ன மனு கொடுத்தார்? அதற்கு முந்தைய மாதம் கொடுத்த மனு என்ன ஆனது? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் எந்த விலையில் நின்றது? கொட்டரை நீர்த்தேக்கத்தில் மிச்ச வேலை எப்போது முடியும்? செந்துறைப் பக்கம் எந்த ஊராட்சியில் நூறு நாள் வேலைச் சம்பளம் பாக்கி? போனைத் திறந்து தேடிப் பாருங்கள். கிடைத்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தை யாரோ படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டதாக இருக்கும். ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம்கூடத் தெரியும். இல்லாவிட்டால் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் அனுப்பிய குறிப்பு: மாவட்ட ஆட்சியர் நேரில் ஆய்வு செய்தார், படத்தில் உடன் இருப்பவர்கள் இன்னார். பேப்பருக்கு மாற்று என்று நாம் கொண்டாடுவது பேப்பரின் நகலையும் அரசின் அறிக்கையையும்தான். மூலம் நின்றுபோனால் நகல் எங்கிருந்து வரும்?

2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது இது இங்கே பட்டே தெரிந்தது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டம் பெரம்பலூர். புழுவைப் பற்றிய வீடியோ போனில் கொட்டிக் கிடந்தது, மருந்துக் கம்பெனி விளம்பரமும் கூடவே வந்தது. எந்த வருவாய்க் கிராமத்தில் கணக்கெடுத்தார்கள், எங்கே விட்டுவிட்டார்கள், நிவாரணம் யார் கணக்கில் ஏறியது என்பது மாவட்டப் பக்கத்துச் சரக்கு. அதைப் போனில் இருக்கும் எந்தச் செயலியும் எழுதித் தராது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்று, திட்டு வாங்கி, கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும்.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். அரசின் டான்செம் ஆலையில் தொடங்கி டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சுரங்கம் வேண்டும், பழைய சுரங்கத்தை விரிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் நடக்கப்போவதை ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும், குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் கட்டம், நெருக்கிய எழுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயர், கிராமத்தின் பெயர், சர்வே எண்கள், எத்தனை ஹெக்டேர், எந்த மண்டபத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம். பக்கத்துக்குப் பக்கம் புரட்டுபவர் கண்ணில் அது தற்செயலாகப் படும். தன் ஊர்ப் பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டுவார். ரீல்ஸ் தள்ளிக்கொண்டு போகும் விரலில் இப்படி ஒன்று தட்டுப்பட வாய்ப்பே இல்லை. உங்களுக்குப் பிடித்ததைத்தான் அது காட்டும், சர்வே எண் யாருக்கும் பிடித்த விஷயம் இல்லை.

2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டமும் முதல்நிலை அறிவிக்கையை அந்த வட்டாரத்தில் புழங்கும் இரண்டு நாளிதழ்களில் போடச் சொல்கிறது, அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். கடனைக் கட்டாதவர் வீட்டை வங்கி கையகப்படுத்தினால் அதுவும் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். பத்திரம் தொலைந்துபோனால் போலீஸ் சான்றோடு பேப்பர் விளம்பரத்தையும் கேட்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் போட்டேன் என்று சொல்லிப் பாருங்கள், சார்பதிவாளர் சிரிப்பார். பேப்பர் செத்துவிட்டது என்று மேடையில் பேசும் அதிகாரியே, தன் மேசைக்குத் திரும்பியதும் பேப்பர் கட்டிங்கைத்தான் கோப்பில் குத்திவைக்கிறார். மனு எழுதிக் கொடுக்க வரும் விவசாயியும் அந்தக் கட்டிங்கின் ஜெராக்ஸைத்தான் பின்னால் இணைக்கிறார்.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். ஊரில் யாரும் பேப்பர் வாங்கவில்லை, சட்டமோ பேப்பரில் போட்டால் போதும் என்கிறது. இதில் யாருக்கு லாபம்? அறிவிப்பு வந்ததாகக் கணக்கில் இருக்கும், ஊருக்குத் தெரியாமலும் இருக்கும். சுரங்கம் தோண்டுகிறவருக்கும் நிலம் எடுக்கிறவருக்கும் இதைவிடச் சௌகரியம் வேறு எது? 2020இல் வந்த சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையோ அந்த 30 நாளையும் 20 ஆக்கப் பார்த்தது. நட்டமில்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜெயங்கொண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று 1990களின் பிற்பாதியில் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. இழப்பீடு போதாது என்று போட்ட வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. பெரம்பலூரிலும் இதே கதைக்கு ஒரு தம்பி உண்டு. எறையூர், திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று சுமார் 3,000 ஏக்கர் வாங்கிப் போட்டார்கள். ஆண்டுகள் ஓடின, முள்தான் முளைத்தது. எறையூரில் சிப்காட் தொழிற்பூங்காவை முதலமைச்சர் தொடங்கிவைத்தது 2022 நவம்பரில்.

இவை ஒருநாள் செய்திகள் இல்லை, இருபது இருபத்தைந்து வருடச் செய்திகள். நடுவில் பல மாதம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று ஒரு அரசாணை, ஒரு தீர்ப்பு, ஒரு தர்ணா. இந்த நூலை அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தது மூன்றாம் பக்கத்தின் அடியில் வரும் இரண்டு பத்திச் செய்திதான். லைக் விழாத செய்தியைப் போன் இரண்டாம் நாளே கைவிட்டுவிடும். அரியலூர் மாவட்டம் விரகாலூரில் 2023 அக்டோபரில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் செத்தபோது அன்று முழுக்க எல்லாப் போனிலும் அந்தப் புகை இருந்தது. உரிமம் யார் கொடுத்தார், ஆய்வு கடைசியாக எப்போது நடந்தது, குடும்பங்களுக்குப் பணம் வந்ததா என்று மூன்று மாதம் கழித்துக் கேட்கும் வீடியோவை எத்தனை பேர் பார்ப்பார்கள்? சுண்ணாம்புக்கல் லாரி மோதிய விபத்தும் அப்படியே. ஒவ்வொன்றும் தனித்தனி வீடியோ. ஒரே சாலையில் எத்தனையாவது சாவு என்று கூட்டிப் பார்க்க நாள் தவறாமல் எழுதிவைத்தவர் வேண்டும்.

இனி உண்மை, பொய். 2020 அக்டோபரில் குன்னத்தில் வண்டல் எடுத்த குளத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று போன் சொன்னது. சொன்னதோடு நிற்கவில்லை, உலகம் சுற்றிவந்தது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியைச் சுற்றி இறுகிய படிவுகள் என்றார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதியவர்கள் நாளிதழ் நிருபர்கள். வேடிக்கை என்னவென்றால், செந்துறை அருகே நிஜமாகவே டைனோசர் முட்டைகள் 2009இல் கிடைத்தன. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நிஜத்துக்கும் புரளிக்கும் நடுவே பத்துப் பதினைந்து மைல் தூரம்கூட இருக்காது. அதைப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

முட்டைப் புரளியில் யாருக்கும் சேதம் இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வாட்ஸ்ஆப் புரளியை நம்பி அடித்தே கொன்றார்கள். அந்தப் புரளியை முதலில் அனுப்பியவர் யார்? தெரியாது. எந்த நாளிதழையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், முகவரி. இதை 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் பொறுப்பாளர் யார் என்பதைக் கேட்கத்தான் செய்கிறது. அச்சில் ஏறியதெல்லாம் உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்ற கட்டுக்கதையை ஓர் இந்தி நாளிதழும் வெளியிட்டது. தமிழ்நாடு போலீஸ் அதன் ஆசிரியர் மேல் வழக்குப் பதிந்தது. யார் மேல் வழக்குப் போடுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் கொடுத்துவிட வேண்டும். நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர் மாணவி அனிதா 2017 செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டபோது தமிழ்நாடே கொதித்து எழுந்ததில் போனின் பங்கு பெரிது. மாவட்டப் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் அது அந்த வேகத்தில் பரவியிருக்காது. சாதிக் கொடுமை நடந்தால் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்த நாளிதழ்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். சேரியில் நடந்ததைச் சேரிக்காரரே வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் அந்த மழுப்பலுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. இதற்காகப் போனுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் குற்றச்சாட்டு பேப்பரின் கோழைத்தனத்தின் மேல். கோழையைத் திருத்துவதற்குப் பதில் வேலையையே ஒழித்துவிட்டால், அடுத்த மோதலை விசாரித்து எழுதப் போகிறவர் யார்? வீடியோ எடுத்தவர் மேல் வழக்குப் போட்டால் அவருக்காக நிற்கப் போகும் நிறுவனம் எது?

சரி, பேப்பரைக் கொன்றது யார்? போன்தான் என்றால் தேதி ஒத்துப்போக வேண்டும். விற்பனைத் தணிக்கை அமைப்பான ஏ.பி.சி.யின் கணக்குப்படி 2006இல் நாளுக்கு 3.91 கோடிப் பிரதி விற்ற இந்திய நாளிதழ்கள் 2016இல் 6.28 கோடி விற்றன. செல்போன் வீடு வீடாக நுழைந்த அந்தப் பத்தாண்டில் பேப்பர் வளர்ந்துகொண்டிருந்தது. மலிவு டேட்டா வந்ததே 2016 செப்டம்பரில்தானே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அதன் பிறகு தேக்கம் வந்தது. ஆனால் முதுகு முறிந்தது 2020 மார்ச்சில். பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டும் என்ற பேச்சு கிளம்பியது. நாளிதழ் அச்சிடத் தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்குள் அடுக்குமாடிக்காரர்களும் அலுவலகங்களும் நிறுத்திவிட்டிருந்தார்கள். இங்கே டீக்கடையும் முடிதிருத்தகமும் பூட்டிக் கிடந்தன. ஒரு பிரதியைப் பத்து இருபது பேர் படிக்கும் இடங்கள் அவை. இரண்டு மாதம் விட்டுப்போன பழக்கம் பலரிடம் திரும்பி வரவில்லை.

அடுத்த அடி தாளில் விழுந்தது. இந்தியப் பத்திரிகைகளுக்கு வேண்டிய தாளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு, ரஷ்யாவிலிருந்து வருவது அதில் பெரும்பங்கு. 2022இல் உக்ரைன் போர் வெடித்ததும் விலை எகிறியது. இலங்கையில் அந்த மார்ச்சில் ‘தி ஐலண்ட்’ நாளிதழ் தாள் கிடைக்காமல் அச்சையே நிறுத்தியது. நமக்குப் பக்கத்திலேயே, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், கரும்புச் சக்கையில் செய்தித்தாள் காகிதமும் எழுதுதாளும் செய்ய அரசு 1979இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. அது இன்று முக்கியமாகச் செய்வது எழுதுதாளும் அச்சுத்தாளும். இந்தக் கணக்கை மாற்றச் சொல்லி எந்த முதலாளியும் பெரிதாகக் குரல் எழுப்பிக் காணோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி விளம்பரம். வாசகர் கொடுக்கும் காசு தாளுக்கும் மைக்கும் ஏஜென்ட் கமிஷனுக்குமே பற்றாது. பேப்பரை ஓட்டியது ஜவுளிக்கடையும் நகைக்கடையும் தனியார் கல்லூரியும் கண்ணீர் அஞ்சலியும்தான். அந்தப் பணத்தின் பெரும்பகுதி இன்று கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகிறது. அவர்கள் செய்தி எழுதுவதில்லை, எழுதியவர்களின் செய்தியைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியா 2021இல் சட்டம் போட்டு, செய்திக்குப் பணம் கொடு என்றது. கனடாவும் 2023இல் போட்டது. கோபித்துக்கொண்ட மெட்டா அங்கே செய்தியையே மறைத்துவிட்டது. இந்தியாவில் போட்டி ஆணையம் கூகுள் மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது 2022 ஜனவரியில். ஆகவே கறாராகச் சொன்னால், பேப்பரின் கழுத்தைப் பிடித்தவர் போனைக் கையில் வைத்திருக்கும் வாசகர் இல்லை, போனுக்குள் கடை விரித்திருக்கும் இரண்டு கம்பெனிகள். பழி சொல்வதென்றால் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் வெளியூர்க்காரனை மட்டும் திட்டிவிட்டு முதலாளிகளை விட்டுவிட எனக்கு மனமில்லை. பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து 1995இல் மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி ஒட்டி, 2007 நவம்பர் 23இல் இரண்டாம் தடவை பிரிந்தது. (1956இல் அதே நவம்பர் 23இல்தான் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து, லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.) அரசாங்கம் கலெக்டரைக் கொடுத்தது, எஸ்.பி.யைக் கொடுத்தது. பெரிய தமிழ் நாளிதழ்களுக்கு மட்டும் நாம் இன்னமும் திருச்சிப் பதிப்பின் வால். ரயிலே இல்லாத பெரம்பலூருக்கு விடியற்காலையில் நெடுஞ்சாலை வழியாகக் கட்டு வந்து இறங்கும். அதில் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு பக்கம், விளம்பரம் நிறைய வந்த நாளில் அரைப் பக்கம். 2011 கணக்கெடுப்பில் இரண்டிலும் சேர்த்து 13 லட்சம் பேர். கொரோனாவைக் காரணம் காட்டிக் குறைத்த பக்கங்களில் முதலில் வெட்டு விழுந்தது இப்படிப்பட்ட பக்கங்களில்தான்.

அந்தப் பக்கத்தை நிரப்பும் ஆளைப் பாருங்கள். தாலுகா நிருபர் என்று பெயர். மாதச் சம்பளம் கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. அச்சான வரிக்கு இவ்வளவு என்று லைன் கணக்கு, அது பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. பத்திரிகையாளர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011இல் அறிவிக்கப்பட்டது, 2014இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. இவரோ அந்தக் கணக்கிலேயே வந்ததில்லை. பொங்கல் மலருக்கு இவ்வளவு, தீபாவளி மலருக்கு இவ்வளவு, சுதந்திர தினத்துக்கு இவ்வளவு என்று விளம்பர டார்கெட் மட்டும் தவறாமல் வரும். விளம்பரம் யாரிடம் கேட்பார்? கல் குவாரிக்காரரிடம், ஒப்பந்ததாரரிடம், மெட்ரிக் பள்ளித் தாளாளரிடம். பிறகு அவர்களைப் பற்றி என்ன எழுதுவார்? குவாரியில் வெடி வைத்ததில் வீடு விரிசல் விட்டது என்ற செய்தி ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கிறது. பதில் அவருடைய ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது. ஊரைப் பற்றி ஒன்றும் எழுதாத பேப்பரை ஊர் எதற்கு வாங்கும்? வாசகர் ஓடிவிட்டார் என்று முதலாளி அழுகிறார். கடையில் சரக்கை எடுத்துவிட்டு வாடிக்கையாளர் வரவில்லை என்று அழுவது மாதிரி இருக்கிறது.

போன் மட்டுமே காரணம் என்றால் கேரளத்தில் பேப்பர் முதலில் செத்திருக்க வேண்டும். படிப்பிலும் இணையத்திலும் நம்மைவிட ஒரு படி மேலே நிற்கும் மாநிலம். அங்கே மலையாள மனோரமாவும் மாத்ருபூமியும் விற்பனை குறைந்த பிறகும் வீட்டு வாசலில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. மாவட்டத்துக்கு மாவட்டம் பக்கம் போட்டு, பக்கத்துத் தெருவில் யார் ஓய்வு பெற்றார் என்பதுவரை எழுதுகிறார்கள். ஜப்பானில் தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமா? உலகிலேயே அதிகம் விற்கும் நாளிதழ்களில் ஒன்று அங்கேதான், யோமியூரி.

இளைஞர்கள் படிப்பதில்லை என்ற பேச்சும் அப்படித்தான். மாவட்ட மைய நூலகத்துக்கு ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். குரூப் 4 எழுதப் போகும் பிள்ளைகள் தினமணியையும் இந்து தமிழையும் பங்கு போட்டுக்கொண்டு குறிப்பு எடுக்கிறார்கள். பெரம்பலூர் புத்தகத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் இந்த ஊருக்கு வாசிப்பு இல்லை என்று சொல்லமாட்டார். தங்கள் ஊர் இருக்கும் பக்கத்தைக் கொடுத்தால் படிப்பார்கள்.

இணையத்தை நம்பிச் செய்தியை முழுக்க அங்கே குடியேற்றலாம் என்பவர்களுக்கு இன்னொன்று. 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் நாடு முழுக்க முடக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தக் கார்ட்டூனை நீக்கும் நிபந்தனையோடு மார்ச்சில் தளம் திறந்தது. அத்தனை நாளும் கடைகளில் விகடன் புத்தகம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், அரியலூரில் ஒருவர் தன் சொந்தக் காசில் நடத்தும் யூட்டியூப் சேனலுக்கு எத்தனை நிமிடம்? அவர் போட்டதெல்லாம் பத்து வருடம் கழித்து எங்கே கிடைக்கும்? நாளிதழ் கன்னிமாரா நூலகத்துக்குச் சட்டப்படி போகிறது. 1956 ரயில் விபத்தைத் தேடினால் அங்கே எடுத்துப் படிக்கலாம்.

அமெரிக்காவில் உள்ளூர்ப் பேப்பர் மூடிய ஊர்களை ஆராய்ந்த நிதியியல் பேராசிரியர்கள் ஒன்றைக் கண்டார்கள். அங்கே நகராட்சிகள் வாங்கும் கடனுக்கு வட்டி கூடியிருந்தது. கேட்பார் இல்லை என்று தெரிந்தால் கடன் கொடுப்பவர்கூடக் கூடுதலாகக் கேட்கிறார். நம் நகராட்சிகளையும் ஒன்றியங்களையும் யாரும் அப்படி அளந்து பார்த்ததில்லை, பார்த்தால் என்ன வரும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

பேப்பர் தாளிலேயே இருந்தாக வேண்டும் என்பது என் வாதமல்ல. தாளில் வரட்டும், திரையில் வரட்டும், இரண்டிலும் வரட்டும். இரண்டு மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கு ஒருவராக, விளம்பரம் கேட்டு அலையாத, மாதச் சம்பளம் வாங்கும் முழுநேர நிருபரை வையுங்கள். அரசு தன் அறிவிப்புகளை அந்த ஊரில் நிஜமாகவே விற்கும் இதழில் போடட்டும், கட்டிங்கோடு விற்பனைக் கணக்கையும் கோப்பில் வைக்கட்டும். கூகுளும் மெட்டாவும் கொடுக்க வேண்டிய பங்கைச் சட்டம் போட்டு வாங்கட்டும். வாசகர் தன் பங்குக்கு, மாவட்டப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடுவதை நிறுத்திவிட்டு, ஒரு பிரதிக்குக் காசு கொடுக்கட்டும்.

இதில் முதலாவதைச் செய்யாத வரை, வாசகர் போனுக்குப் போய்விட்டார் என்று குறை சொல்லும் யோக்கியதை எந்தப் பத்திரிகை முதலாளிக்கும் கிடையாது.